திரை போட்ட அரை மணி நேரம்

குளித்துத் திருநீறு பூசி, விளக்கேற்றிப் பூ வைத்துக் கும்பிட்ட கையோடு சாமி படங்களைத் துண்டு போட்டு மூடுகிற வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் தினமும் அதுதான் நடக்கிறது. மூடியதும் தரையில் பாயை விரித்துப் படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை விட்டபடி இடுப்பைத் தூக்குகிறேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். தேவைதான். ஆனாலும் துண்டைத் தொங்கவிடும்போதெல்லாம் கை கொஞ்சம் கூசுகிறது. சாமியிடம் ஒன்று, என் அக்காவிடம் ஒன்று என்று ஒவ்வொரு நாளும் இரண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பாயில் சாய்கிறேன்.

துண்டு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால், மிளகுக் கிட்டங்கிகளை ஒட்டிய வரிசை வீடு ஒன்றில். சாமி வைக்க இருக்கிற ஒரே மாடம் வடக்குச் சுவரில் இருக்கிறது. வாடகை வீட்டில் சாமி எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதையும் வீட்டுக்காரர்தான் முடிவு செய்கிறார். உள்ளறையைக் கட்டிலே அடைத்துக்கொண்டது. ஒரு ஆள் நீட்டிப் படுக்க மிச்சமிருப்பது கூடம் மட்டும், அதுவும் வடக்கு தெற்காகத்தான். வடக்கே தலை வைக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தெற்கே வைத்தால் இரண்டு காலும் நேரே சாமியின் முகத்துக்குப் போகின்றன.

என் அக்கா பேச்சியம்மாள் தென்காசியில் தனியாக இருந்தவள். எங்கள் அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவள்தான். சின்ன வயதிலேயே தாலி இழந்தவள், செக்கடியிலும் அடுப்படியிலும் நின்று எனக்குச் சோறு போட்டாள். மீசை அரும்பிய வயதில் நான் கொச்சிக்குப் பிழைக்க வந்து, மிளகுக் கிட்டங்கியில் தராசு பார்க்கிற வேலையில் ஒட்டிக்கொண்டேன். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், எழுபதை நெருங்கியிருந்த அவளை இங்கே அழைத்து வந்தேன். வந்த அன்றே வாசலில் வைத்துச் சொன்னேன்: "அக்கா, இனிமே நீ ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடப்படாது." என் மனைவி கோமதியும் தங்கமானவள். அக்கா செம்பைத் தூக்கினால் ஓடிப்போய் வாங்கிக்கொள்வாள். முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தால், "மதினி, நான் இருக்கேன்லா" என்று முறத்தைப் பிடுங்கிக்கொள்வாள். நாற்காலி வாங்கிப் போட்டோம். சாப்பாடு நாற்காலிக்கே போனது. பெரியவர்களை மதிப்பதென்றால் நம் பக்கத்தில் நமக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதானே? கிட்டங்கியில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், எங்க அக்கா ராணி மாதிரி இருக்கா என்று.

அந்த ராணிக்கு நாற்காலியிலிருந்து எழ முதலில் ஒரு கை தேவைப்பட்டது. பிறகு இரண்டு கை. ஒருநாள் குளியலறை வாசலில் தடுக்கிக்கூட விழவில்லை, நின்ற இடத்திலேயே துணி மாதிரிச் சரிந்தாள். எலும்பு முறியவில்லை, தெய்வம் காத்தது. ஆனால் அன்றிலிருந்து நடப்பதென்றாலே அவள் முகத்தில் பயம் தெரிந்தது.

பக்கத்து வீட்டு ரோஸி சிஸ்டர்தான் அவளை வந்து பார்த்தார். ஜெர்மனி ஆஸ்பத்திரியில் பல வருஷம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவர். முன்பு தினமும் பார்த்தாலும், "சேட்டன் எப்பளா நாட்டிலேக்கு?" என்று ஒரே கேள்விதான் கேட்பார். நாற்பது வருஷமாக இங்கே இருப்பவனிடம் ஊருக்கு எப்போது போகிறாய் என்று கேட்கிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றிருக்கும். அவருக்கு அது வெறும் குசலம். அன்று அக்காவின் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா வீட்ல என்ன பணி செய்யும்?" என்றார். "ஒண்ணுமே செய்ய விடுறதில்ல சிஸ்டர்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ அது தன்னெ அசுகம், சேட்டா. வேறெ ஒண்ணும் இல்லா."

ஒன்றும் செய்ய விடாததுதான் வியாதியாம்.

மருந்து வேண்டாம், பாய் போதும் என்றார். ஜெர்மனியில் கிழவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாம், பிலாட்டிஸ் என்று பெயராம். பெயரைக் கேட்டதும் அக்கா, "என்னது, பிட்டா? அவிச்சுத் தருவாளா?" என்று கேட்டுச் சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். குதிப்பது, ஓடுவது எதுவும் கிடையாது. மல்லாந்து படுத்து, மூச்சை விடும்போது வயிற்றை உள்ளே இழுத்து, இடுப்பைக் கொஞ்சமாகத் தூக்கி, இறக்க வேண்டும். ஒரு காலைத் தூக்கி வட்டம் போட வேண்டும். பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, முழங்காலில் நின்று, தானாகவே எழ வேண்டும். எல்லாம் மெதுவாக. "மெல்லெ, மெல்லெ, ஸ்வாசம் பிடிக்கண்டா" என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே இருப்பார், மூச்சை அடக்காதே என்று.

இங்கேதான் நான் குறுக்கே நின்றேன். சாமிக்கு நேரே காலை நீட்டுவதா, நம் வீட்டில் அது நடக்காது என்றேன். அக்கா பாயில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள். "ஏலே சங்கரா, கோயில்ல அலங்காரம் பண்ணும்போது திரை போடுதாங்கல்லா? அந்த நேரம் சாமி கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சா போகுது? ஒரு துண்டை எடுத்து மறைல." கோமதி என் தோளில் கிடந்த துண்டையே உருவி மாடத்தில் தொங்கவிட்டாள். நான் சொன்னதில் பக்தி இருந்தது உண்மை. ஆனால் பக்தி மட்டும்தானா என்று அப்போதே எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது.

சில நாள் கழித்து நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். எதிர்வீட்டுப் பாக்கியத்தம்மாளும் நம் ஊர்ப்பக்கத்தவர்தான், மதுரைக்காரர். உறைமோர் வாங்க வந்தவர் சன்னல் வழியே பார்த்திருக்கிறார். தரையில் பாய், அதில் அசையாமல் அக்கா, கண் மூடியிருக்கிறது, சாமி படங்களுக்குத் துணி போட்டிருக்கிறது. நம்மவர்களுக்கு இதற்கு மேல் யாராவது விளக்க வேண்டுமா? "ஐயோ, பேச்சியம்மா போயிட்டாளே!" என்று ஒரே அலறல். கிட்டங்கியிலிருந்து நான் ஓடி வந்து பார்த்தால் தெருவிலுள்ள தமிழ்க் குடும்பங்களில் பாதி எங்கள் வாசலில். மாலைக்குக்கூட யாரோ ஆள் அனுப்பிவிட்டார்கள். சத்தம் கேட்டு அக்கா புரண்டு, கையை ஊன்றி, முழங்காலில் நின்று, யாரும் பிடிக்காமல் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள். "எவலே செத்தது?"

பாக்கியத்தம்மாளுக்கு அழுகை நின்றபாடில்லை. "அடிப் பாவி, உசுரோடதான் இருக்கியா?"

"மாலை வந்தா குடுத்துட்டுப் போ. சாமிக்குப் போடுதேன்."

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, போதும் அக்கா. தெருவே பேசுது. விட்டுரு" என்றேன். அவள் பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்தினாள். பிறகுதான் சொன்னாள். "நம்ம கோயில் கொடிமரத்தடியில விழுந்து கும்பிட்டு, யார் கையும் பிடிக்காம எந்திரிக்கணும்ல. அது முடிஞ்சா நான் தென்காசியிலயே இருந்துக்கிடுவேன். என் சோத்தை நானே பொங்கிக்கிடுவேன்."

"சாமி இங்கயும்தான இருக்கு. நின்னுக்கிட்டே கும்பிட்டா ஆகாதா?"

"நீ என்னைப் பிள்ளையா வளர்க்கணும்னு நெனைக்க. நான் ஒன்னை வளர்த்தவ. கொலுப்பொம்மையா இருக்க எனக்கு வரலல."

அப்போதுதான் என் சந்தேகத்துக்கு விடை கிடைத்தது. அவள் எழுந்து நடந்துவிட்டால் போய்விடுவாள் என்று பயந்திருக்கிறேன். எனக்குத் தென்காசியில் வீடில்லை, நிலமில்லை. அக்கா இருக்கிற இடம்தான் எனக்கு ஊர். அந்த ஊரையே தூக்கி வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன். சாமியின் பேரையும் நடுவில் இழுத்தேன். மறுநாள் காலை துண்டை நானே தொங்கவிட்டேன். அவள் கால் வட்டம் போடும்போது பாயின் நுனி நகராமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தேறத் தேற எனக்குச் சந்தோஷமும் வந்தது, துக்கமும் வந்தது. ராத்திரி அவளுக்கு நல்ல தூக்கம் பிடித்தது. வாசற்படியில் சுவரைத் தேடுவதை விட்டாள். கோமதியிடமிருந்து முறத்தைத் திருப்பிப் பிடுங்கினாள். இதைப் படிக்கிற நீங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லுமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். நாம் அன்பாகத்தான் சொல்கிறோம். அந்த அன்பைத் தாங்க அவர்கள் காலில் பலம் இருக்க வேண்டுமே.

பங்குனியில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கொல்லத்தில் இறங்கி, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிற செங்கோட்டை வண்டியில், ஆரியங்காவு தாண்டிய பிறகு அவள் சன்னலை விட்டுத் திரும்பவேயில்லை. கோயிலில் பிரகாரம் சுற்றிக் கொடிமரத்துக்கு வந்தோம். அவள் முந்தானையை இழுத்துச் செருகி, கோயில் முறைப்படி வடக்கே பார்த்து முழங்காலிட்டு, நெற்றி கல்லில் படக் குனிந்தாள். நெடுநேரம் அப்படியே கிடந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். தரையைப் பார்த்தபடியே அவள் வாய் முணுமுணுத்தது: "மெல்லெ... மெல்லெ... ஸ்வாசம் பிடிக்கண்டா." சுற்றி நின்ற நம் ஊர்ப் பெண்கள் இதென்ன மந்திரம் என்பதுபோல் பார்த்தார்கள். ஒரு கையை ஊன்றி, ஒரு காலைக் கொண்டுவந்து, மூச்சை விட்டு அவள் எழுந்து நின்றாள். என் கைகள் வெறுமனே நீட்டியபடி இருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் அவற்றைக் கூப்பிக்கொண்டேன், கொடிமரத்தையா அவளையா என்று எனக்கே தெரியவில்லை.

நெற்றியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அக்கா என் பக்கம் திரும்பி வெள்ளந்தியாகக் கேட்டாள்.

"ஒங்க ஊருக்கு எப்பல வண்டி?"

கூப்பிய கையைப் பிரிக்காமலே, "சாயங்காலம்" என்றேன்.