நாட்டுக்குத் தெரிந்த எடை

நாட்டில் எத்தனை பேர் குண்டு என்று அறியும் கணக்கெடுப்புக்காக அனுமந்தன்பட்டியில் சில வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். அதில் எங்கள் வீடும் விழுந்தது. இத்தனை வயதுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளிகூடக் குலுக்கலில் விழாத எனக்கு, முதன்முதலாகக் கிடைத்தது இதுதான்.

செய்தி தெரிந்ததும் பக்கத்து வீட்டு மாமா கவலையோடு வந்தார். பன்னீர் திராட்சைத் தோட்டம் போட்டிருப்பவர்.

"மாப்ள, தப்பா நினைக்காதீக. ஊரு சார்பா நிக்க உங்க வீடு சரிப்படுமா? என் தம்பி வீட்ட நிறுத்துவோம். நாலு பேரும் முருங்கைக்கா மாதிரி இருக்காக."

"ஆள் மாத்துறதுக்கு இது கபடி இல்ல மாமா. வியாபாரி வந்தா நீங்க முன்வரிசைக் கொத்தை மட்டும் காட்டுறீகளே, அந்த மாதிரி ஆயிரும்."

"எல்லாரும் காட்டுறதுதான?" என்றார் மாமா, கொஞ்சமும் அசராமல்.

வந்தது மதுரைக்காரப் பெண் ஒருத்தி. ஒரு தோளில் எடை மெஷின், மறுதோளில் மடக்கிய உயரக்கோல். முதலில் நான் ஏறினேன். மூச்சை உள்ளே இழுத்தால் எடை குறையாது என்று படித்தவன்தான், தொப்பை படிக்கவில்லை. எடையை உயரத்தால் ஒருமுறை வகுத்து, வந்ததை மறுபடியும் உயரத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியீட்டெண். அப்படிப் பார்த்தால் என் குறை எடையில் இல்லை, உயரத்தில்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

அடுத்து என் மனைவி. அடுப்படி வாசலைவிட்டு நகரவில்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவள் எந்த மெஷினிலும் ஏறியதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் ஒரு பழைய எண்ணைச் சொல்லிவிடுவாள். கல்யாண வீட்டுப் போட்டோக்களில் யார் முதுகுக்காவது பின்னால் நின்றுகொள்வாள். பெரும்பாலும் என் முதுகு, இடம் தாராளம்.

"எனக்கு வேணாம்மா. ஆளில்லன்னு எழுதிக்கிருங்க."

"உங்க விருப்பம்தான்க்கா, கட்டாயமில்ல. ஆனா வேணாம்னு சொல்றவங்க நிறையப் பேர் கொஞ்சம் பூசினாப்ல இருக்கவங்கதான். அவங்கள விட்டுட்டா நாடே ஒல்லியா இருக்குன்னு கணக்கு வந்துரும்."

"நான் ஒருத்தி ஏறலேன்னா நாடு இளைச்சிருமாக்கும்?"

"போற வீட்லயெல்லாம் ஒருத்தர் இதையேதான் கேக்குறாங்கக்கா."

மனைவி அடுப்படி வாசலைவிட்டு வெளியே வந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஏறுறேன். இவுக வெளிய போகட்டும்."

போனேன். கதவு சாத்தப்பட்டது. வாசலில் மாமா காத்திருந்தார்.

"எத்தன மாப்ள?"

"தெரியாது மாமா."

"கட்டுன பொண்டாட்டி எடை தெரியாதா?"

"நாட்டுக்குத் தெரியும். எனக்குச் சொல்ல மாட்டாக."

அந்தக் குறியீட்டெண் ஓர் ஆளைப் பற்றி அதிகம் சொல்வதில்லை என்று படித்திருக்கிறேன். உள்ளே இருப்பது தசையா கொழுப்பா என்றுகூட அதற்குத் தெரியாது. லட்சக்கணக்கானவர்களின் எண்கள் ஒன்றுசேரும்போதுதான் அது வாய் திறக்கிறது. அந்தப் பெண் போனதும் இதைச் சொல்லி மனைவிக்கு ஆறுதல் தரலாம் என்று உள்ளே போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இந்தக் கணக்கெல்லாம் எப்ப வெளிய வரும்?"

"ஒன்னு ரெண்டு வருசம் ஆகும்."

"வந்தா எனக்குக் காட்டுங்க. என்னைய மாதிரி எத்தன பேரு இருக்காகன்னு பாக்கணும்."