சுவரைப் பார்த்த பீரங்கி

பள்ளி விடுமுறை நாட்களில் அம்மா என்னையும் வேலைக்குக் கூட்டிப்போவார். இத்தாலியின் பலெர்மோ நகரில் அவர் துப்புரவு செய்த வீட்டில் தனியாக இருந்த கிழவரை நாங்கள் சின்யோர் என்போம். பொம்மைப் பீரங்கிகளை ஒட்டி, வர்ணம் பூசி அலமாரியில் அடுக்குவதுதான் அவருடைய முழுநேர வேலை. அவற்றைத் தொடக்கூடாது என்பது ஒன்றே அந்த வீட்டுச் சட்டம்.

அவற்றில் அவருக்குச் செல்லப்பிள்ளை நீளக் குழல் கொண்ட ஒரு சோவியத் பீரங்கி. கப்பலுக்கென்று செய்ததைக் கரைக்கு இறக்கிச் சக்கரம் பூட்டிய கதையை, பேரப்பிள்ளை நடக்கப் பழகிய கதைபோலச் சொல்வார். இங்கே ஒரேத்தோ ஆற்றங்கரையில் வைத்துச் சுட்டால் குண்டு அடுத்த ஊரான பகேரியாவையும் தாண்டி விழுமாம். பிறகு சீனர்கள் அதைப் பார்த்துச் செய்து பல நாடுகளுக்கு விற்றார்கள், உங்கள் தீவுக்கும் என்றார். எங்கள் ஊருக்கும் வந்த சாமான் என்று எனக்கு ஒரே பெருமை. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

"ஓம், தெரியும்" என்றுவிட்டு அம்மா தரையைத் துடைத்தார். சண்டைக்குள் இருந்து தப்பி வந்தவருக்கு இது ஒரு செய்தியா என்று யோசிக்கிற வயதில்லை எனக்கு.

அடுத்த பீரங்கிக்கு நானே வர்ணம் பூசலாம் என்று சின்யோர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நாளுக்காகக் காத்துக் கிடந்தேன். நாளும் வந்தது, கூடவே வம்பும் வந்தது. சோவியத் பீரங்கி சுவரைப் பார்த்து நின்றது. கொஞ்ச நாளாகவே நாங்கள் வந்துபோனால் அது திரும்பி நிற்கிறது, தொட்டது நீதானே என்றார். சத்தம் போடவில்லை, தூரிகையைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். செய்யாத குற்றத்துக்காகக் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

அம்மா ஈரக்கையோடு வந்தார். இத்தாலியன் அவருக்கு மட்டுமட்டு.

"நான்தான் திருப்பினனான் எண்டு சொல்லு பிள்ளை."

"ஏனம்மா திருப்பினீங்கள்?"

"தூசி தட்டேக்கை எண்டு சொல்லு."

சொன்னேன். சின்யோர் நொந்துபோனார். என்னிடம் மன்னிப்புக் கேட்டு, தூரிகையைக் கையில் தந்து, பீரங்கியைப் பழையபடி அறையைப் பார்க்க வைத்தார். நல்ல மனிதர்.

நான் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து பூசத் தொடங்கினேன். அம்மா அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை என்னோடு சேர்த்து மூலைக்கு இழுத்துவிட்டார். அங்கே வெளிச்சமே இல்லை. சக்கரத்தில் பூசிய பச்சை வழிந்து பாழாய்ப் போயிற்று. எல்லாம் அம்மாவால்தான் என்று வீடு போகும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அந்த நீளக் குழல் அதுவரை நேராக என் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்பது என் கண்ணில் படவே இல்லை.