மூதூருக்குக் கொண்டுபோன நாடித்துடிப்பு

ஆழ்ந்த துயரத்துடன் பொதுமக்களுக்கு அறியத் தருவது: சென்ற சனிக்கிழமை கொட்டியாரக் குடாவில், எனது இடது செருப்பு மூதூர் லாஞ்சிப் படகிலிருந்து தவறி விழுந்து, காலில்லாமலே காலமானது. வலது செருப்பு துணையின்றி வாடுகிறது.

நான் போனது விஞ்ஞானக் காரியமாக. வகுப்பில் என் பக்கத்துக் கதிரைக்காரன் நசீர். தகப்பனுக்கு மாற்றம் வந்து மூதூருக்குப் போய்விட்டான். போகுமுன் நூல்நிலையத்தில் இருவருமாக ஒரு சஞ்சிகை வாசித்தோம். ஒன்றாக இருந்த இரண்டு துணிக்கைகளை எவ்வளவு தூரம் பிரித்தாலும், ஒன்றை அளந்தால் மற்றதன் நிலை தெரிந்துவிடும் என்கிறது குவாண்டம் பௌதிகம். துணிக்கைக்கு ஏலுமென்றால் எங்களுக்கு ஏலாதா? வெள்ளிதோறும் சரியாக நாலு மணிக்கு இருவரும் நாடியை எண்ணித் தபாலட்டையில் எழுதுவது என்று ஒப்பந்தம். மனங்கள் தொட்டுக்கொண்டால் உடம்புகள் காட்டிக்கொடுக்கும்.

பதினொரு வெள்ளிகள். சில வாரம் வேண்டுமென்றே கோணேசர் மலையில் ஓடி ஏறி 130 ஆக்கினேன். அவனிடமிருந்து வந்தது எப்போதும் 72. உண்மையில் எண்ணுகிறானா என்று பார்க்கத்தான் போனேன். தனிமை தாங்காமல் போனதாக யாரும் நினைக்க வேண்டாம். மனம் வேறு, உடம்பு வேறு என்று இரண்டையும் கட்டுக்குள் வைத்திருப்பவன் நான்.

லாஞ்சி 7.30க்கு. கட்டணம் ஒரு ரூபாய், ஓட்டம் ஒன்றேகால் மணித்தியாலம். நான் மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்ததை லாஞ்சிக்காரர் கண்டார்.

"தம்பிக்குச் சுகமில்லையோ?"

"ஆராய்ச்சி, அண்ணை."

"அப்ப ஓரமா இருந்து ஆராயும். சத்தி வந்தாக் கடலுக்கை எடும்."

அவர் சொல்லி ஐந்து நிமிடத்தில் வாந்தி வந்து, அதுவே நடந்தது. செருப்பு போனதும் அப்போதுதான்.

இறங்குதுறையிலிருந்து வீடு அரை மைல். நசீர் விளையாடப் போயிருந்தான். அவனுடைய உம்மா வெறுந்தேநீரும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் தந்தார். இருபத்தைந்து நிமிடம் கதிரையில் காத்திருந்தேன். புதுக் கூட்டாளிகள் மூவரோடு வந்தான். அட்டைகளைப் பற்றிக் கேட்டேன்.

"டேய் மச்சான், நீ இன்னும் எண்ணுறியா? நான் புத்தகத்தில கிடந்த எழுபத்திரண்டைத்தான் எழுதி அனுப்பினனான். வெள்ளி நாலு மணிக்கு எங்களுக்குப் பந்தடியெல்லோ."

"நானும் சும்மா அடிச்சு விட்டதுதான்டா," என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. மைதானத்துக்குக் கூட்டிப்போய் என்னைக் கோலில் நிறுத்தினார்கள். பந்து பெரும்பாலும் மற்றப் பக்கத்திலேயே நின்றது. இரண்டு மணி லாஞ்சிக்குத் துறைவரை வந்தான். கை காட்டினான். லாஞ்சி கிளம்பமுன்னமே திரும்பி நடந்தான், ஆட்டம் பாதியில் கிடந்ததால்.

போகவிருப்போருக்கு: காலையில் வலப்பக்கம் இருங்கள், இடப்பக்கம் வெயில். வார் வைத்த செருப்புப் போடுங்கள். சீனி கொண்டுபோங்கள். போகுமுன் ஒரு தபாலட்டை எழுதுங்கள், ஆள் வீட்டில் இருப்பானோ தெரியாது.

ஒரு திருத்தம். நான் அடித்து விடவில்லை. பதினொரு வெள்ளியும் எண்ணினேன். மனத்தையும் உடம்பையும் பற்றி மேலே எழுதியதையும் வெட்டிவிடுங்கள். அந்தக் கதிரையில் காத்திருந்தபோது, நசீரின் குரல் வாசல் படலையடியில் கேட்டதும் நாடியைப் பிடித்தேன். ஓடவில்லை, மலை ஏறவில்லை, சும்மா இருந்தனான்.

118.