வேல்ஸ்காரருக்கு ஒரு வரவேற்புரை

வேல்ஸில் ஆட்சி மாறிவிட்டது என்ற செய்தியைத் தொலைபேசியில் பார்த்தபோது நான் ஒஸ்லோவில் ஒரு ட்ராமில் நின்றுகொண்டிருந்தேன். "அட!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற நோர்வேக்காரப் பெண் திடுக்கிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றாள். ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு வேல்ஸில் யார் ஆண்டால் என்ன, யார் வீட்டுக்குப் போனால் என்ன? நான் அந்த மண்ணை ஒருமுறைகூட மிதித்ததில்லை. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டாலே கோயில் கொடியேற்றம் என்று கேட்டதுபோல எனக்கு ஒரு துள்ளல் வந்துவிடும். அதற்குக் காரணம் என் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. கலியாணம் கட்டாதவர். ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டிலேயே ஒரு சிறிய அறையில் இருந்தார். நகரத்தில் ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மேசைகளைப் பார்ப்பது அவர் வேலை. வேலை முடிந்து வந்தால் வானொலி, பத்திரிகை, பிறகு மறுபடியும் வானொலி. உலகத்தின் எந்த மூலையில் ஒரு சிறிய இனம் தனக்கென்று ஒரு கொடியைத் தைத்தாலும் மாமாவுக்கு அன்று சாப்பாடு இறங்காது. சந்தோசத்தில்தான்.

எனக்குப் பத்து வயதான ஆண்டில் லண்டனில் ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் தங்கள் ஆட்சிக்குள் இருந்த வேல்ஸ் மக்களிடம், உங்களுக்கென்று ஒரு சட்டசபை வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்துக் கேட்டார்கள். மயிரிழையில் 'ஓம், வேண்டும்' என்ற பக்கம் வென்றது. மாமா அன்று ஒரு பெரிய சொக்லேட் பெட்டியோடு வந்து, ஹொல்ம்லியா ரயில் நிலையத்தில் இறங்கிய தமிழர் எல்லோருக்கும் நீட்டினார். வாங்கியவர்கள் அவருக்குப் பெண் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்துக் கைகொடுத்தார்களாம்.

"உனக்கென்னடா, வேல்ஸிலை காணியோ கிடக்கு?" என்று அம்மா கேட்டார்.

"அக்கா, ஒரு வெடிச்சத்தம் இல்லை. கேட்டவங்கள், குடுத்திட்டாங்கள். விளங்குதோ?"

அம்மாவுக்கு விளங்கியதோ தெரியாது. எனக்கு சொக்லேட் விளங்கியது.

சில வாரங்கள் கழித்து மாமா இன்னும் பெரிய செய்தியோடு வந்தார். ஹோட்டலில் தங்கியிருந்த ஒருவரிடம் கோப்பி ஊற்றும்போது, நீங்கள் இங்கிலிஷ்காரரா என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் முகத்தைச் சுளித்து, இல்லை, நான் வேல்ஸ்காரன் என்றாராம். ஒவ்வொரு நாளும் இரண்டு தடவையாவது, இல்லை, நான் தமிழன் என்று சொல்லிக்கொண்டிருந்த மாமாவுக்கு அந்தச் சுளிப்பு போதுமாக இருந்தது. கோப்பிக் கேத்திலைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். மனிதர் மாதத்தில் பாதி நாள் நோர்வேயின் ஸ்தவாங்கர் நகரில் எண்ணெய்க் கொம்பனி வேலை, பாதி நாள் சொந்த ஊர் என்று இருப்பவர். அலுவலகக் கூட்டங்களுக்காக அடிக்கடி ஒஸ்லோ வருவார். அடுத்த முறை வரும்போது எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழாவுக்குப் பிரதம விருந்தினராக வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டாராம்.

சங்கத் தலைவருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டு சோபாவில் இருந்து ரீ குடித்தபடி, "ஆள் ஆர்? எம்.பி.யோ? மந்திரியோ?" என்று கேட்டார்.

"வேல்ஸ்காரன். அது காணாதோ?" என்றார் மாமா.

"எங்களிட்டை வந்து ஆர் வோட்டு வைச்சுக் கேட்கப்போறான்? உது வெள்ளையளுக்குச் சரிவரும். சனம் சிரிக்கப்போகுது."

"சிரிச்சால் நான் இனி மைக்கைத் தொடமாட்டன்," என்று மாமா சொன்னார். எனக்குப் பகீரென்றது. விழாக்களில் அறிவிப்பாளர் என்றால் அது மாமாதான். மைக் இல்லாத மாமாவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

விருந்தினரை அவருடைய தாய்மொழியில் வரவேற்பதுதான் மரியாதை என்று மாமா முடிவுசெய்தார். வரவேற்புரைக்கு நான். நகர நூலகத்தில் வெல்ஷ் மொழி படிக்கும் கசெற் ஒன்று கிடைத்தது. ஐந்து வசனங்களைப் பொறுக்கியெடுத்து, தமிழ் எழுத்தில் எழுதி, குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினோம். 'க்ரொய்ஸோ' என்றால் வருக. அதுவரை சுகமாகப் போயிற்று. பிறகு நாக்கை மேல்வாயில் ஒட்டிக்கொண்டு பக்கவாட்டால் காற்று விடவேண்டிய ஓர் எழுத்து வந்தது. மாமா முயன்றபோது கண்ணாடி நனைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. எனக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது. நோர்வேஜிய மொழியின் 'ஷ்' வகைகளைப் பள்ளி முற்றத்தில் சண்டை பிடித்துப் பழகிய வாய்க்கு இதெல்லாம் தூசு. நடக்கும்போதும் பல் தீட்டும்போதும் வெல்ஷ்தான். அம்மா ஒருநாள், இந்த வீட்டில் தமிழில் கதைக்க ஆள் இல்லையா என்று கேட்டுவிட்டார்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். வாசலில் நிறைகுடம், சந்தனம், குங்குமம். நெருப்புக் கொளுத்தக்கூடாது என்று கட்டிடப் பொறுப்பாளர் கையை விரித்துவிட்டதால், குத்துவிளக்கில் திரிக்குப் பதிலாகப் பற்றரி மெழுகுதிரிகள் மினுங்கின. மண்டபம் நிறைந்து வழிந்தது. வேல்ஸ் சபையின் பெரிய புள்ளி வருகிறார் என்று ஒரு கதை எப்படியோ பரவியிருந்தது. மாமா அதைப் பரப்பவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

விருந்தினர் மழையில் நனைந்த ஜக்கெற்றோடு வந்தார். வாசலில் குவிந்துகிடந்த சப்பாத்துகளைப் பார்த்துத் தன்னுடையதையும் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அந்தக் கோலத்திலேயே அவருக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, பொன்னாடை போர்த்தி, மேளச் சத்தத்தோடு மேடைக்குக் கொண்டுபோனார்கள். கலியாண மாப்பிள்ளை மாதிரி அவர் நெளிந்தார்.

நான் பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் போனேன். ஐந்து வசனமும் தங்குதடையில்லாமல் வந்தன. அந்தப் பொல்லாத எழுத்துகூட மண்டபம் முழுக்கக் கேட்டது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. விருந்தினரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நன்றாகச் சிரித்துக்கொண்டு, மாமாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: உங்கள் தமிழ் எவ்வளவு இனிமையான மொழி!

மாமா அவர் காதுக்குள் குனிந்து ஏதோ சொன்னார். மனிதரின் முகம் கழுத்துவரை சிவந்தது.

அவர் பேச எழுந்தார். மாமா இரண்டாவது மைக்கோடு பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். தன் தாய் வெல்ஷ் பேசியவர், பிள்ளைகளோடு மட்டும் பேசவில்லை, ஆங்கிலம்தான் சோறு போடும் என்று நினைத்தார் என்று அவர் சொன்னார். அதுவரை மாமாவின் தமிழ் ஆறாக ஓடியது. பிறகு வேல்ஸ்காரர் தன் பொன்னாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதைப் போர்த்திக்கொண்டு பொய் சொல்ல எனக்கு மனமில்லை என்றார். அந்த வாக்கெடுப்பில் நான் 'வேண்டாம்' என்றுதான் வாக்களித்தேன், எனக்குப் பயமாக இருந்தது, ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும் என்று நினைத்தேன் என்றார்.

நோர்வேத் தொலைக்காட்சி ஆங்கிலப் படங்களுக்குக் கீழே எழுத்துத்தான் போடும், குரலை மாற்றாது. அதனால் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தன்பாட்டில் வந்துவிட்டிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கியது. முன்வரிசையில் பலருக்கு விளங்கவில்லை. அவர்கள் மாமாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா நினைத்தால் மாற்றிச் சொல்லியிருக்கலாம். மாற்றிச் சொல்லுங்கோ மாமா, மாற்றிச் சொல்லுங்கோ என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"இவர் வேண்டாம் எண்டுதான் வோட்டுப் போட்டவராம்," என்றார் மாமா.

மண்டபம் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்தது. சங்கத் தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மைக் போய்விட்டது, இனி மாமா அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மாமா மைக்கை விடவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, அவரிடம் தானே ஒரு கேள்வி கேட்டார்: வேண்டாம் என்று சொன்ன உங்களுக்குப் பிறகு என்ன நடந்தது?

வேல்ஸ்காரருக்குக் கேள்வியே பிடிபடவில்லை. என்ன நடந்தது என்றால்? ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போனேன். என் அண்ணன் 'ஓம்' என்று வாக்களித்தவன். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பிட்டேன். இன்றைக்கும் என்னை நக்கலடிக்கிறான், அவ்வளவுதான்.

மாமா சபையைப் பார்த்தார்.

"ஒண்டும் நடக்கேல்லையாம். அடுத்த நாள் வேலைக்குப் போனவராம். ஓம் எண்ட தமையனும் வேண்டாம் எண்ட தம்பியும் ஒண்டாயிருந்து சாப்பிட்டவையாம்." பிறகு மெல்லச் சொன்னார்: "இவரைத் தேடி ஒருத்தரும் வீட்டுக்கு வரேல்லையாம்."

சாப்பிட ரோல்ஸ் அடுக்கிய தட்டோடு வந்த அன்ரி ஒருவர் அப்படியே நடுவில் நின்றுவிட்டார். தலைவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேல்ஸ்காரர், தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கைதட்டத் தொடங்கினேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நான் மட்டும்தான் தட்டினேன். பிறகு தலைவர் எழுந்து நின்று தட்டினார். அதன் பிறகு மண்டபமே எழுந்தது.

நோர்வேக்கு வருமுன், இலங்கையில் எங்கள் ஊரில் நடந்த ஒரு கூட்டத்தில், எல்லோரும் கை உயர்த்திய இடத்தில், மாமா மட்டும் எழுந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து அவரைத் தேடி ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் வேறு இனத்தவர் அல்ல, ஆயுதம் தூக்கிய எங்கள் பிள்ளைகள்தான். மாமா அப்போது வீட்டில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் இருக்கவேயில்லை. இதை அம்மா எனக்குச் சொன்னபோது நான் பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்தேன். அன்று மண்டபத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது.

பத்து வயதில் எனக்கு அது தெரியாது. ஹொல்ம்லியாவுக்கு ரயிலில் வந்தபோது நான் தலைகால் புரியாத சந்தோசத்தில் இருந்தேன். ஒஸ்லோவிலேயே வெல்ஷ் பேசிய ஒரே தமிழ்ப்பிள்ளை நான். மைக்கும் மாமாவிடமே இருந்தது. ஒன்றே ஒன்றுதான் மனதை உறுத்தியது. மாமாவின் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான் மட்டும்தான் என்ற பெருமையும் எனக்கு இருந்தது.

"மாமா, ஒருத்தரும் வீட்டுக்கு வரேல்லை எண்டு அவர் சொல்லேல்லையே?"

மாமா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைத்தான் பிள்ளை. அவருக்கு அதைச் சொல்லவேண்டிய தேவை இல்லை."

பிழை விட்டுவிட்டுச் சமாளிக்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பரவாயில்லை மாமா, ஆங்கிலம் கஷ்டம்தான் என்று சொல்லி அவர் முழங்காலில் தட்டிக்கொடுத்தேன்.