எந்தத் தீவு?

மத்தியானச் சாப்பாடு முடிந்தால் எங்கள் வீட்டில் கரீபியன் கடல்தான். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றும் வீடியோ. தங்கவயல் சுரங்கத்தின் தூசி என் கணவரின் நுரையீரலைத் தின்றிருந்தது.

"துணியில எவ்ளோ காத்தப் புடிச்சிக்கினு போறான் பாரு சாந்தி. எனக்கு ஒரு வாய் குடுத்தா இன்னா?" என்று சிரிப்பார். உடனே இருமல் வரும்.

பேச முடியாதபோது கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டுவார். சுரங்க ஷாஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணியடித்த பழக்கம். ஒரு தட்டு என்றால் தண்ணீர். மூன்று என்றால் மூச்சு முட்டுகிறது, ஆக்ஸிஜன் வேண்டும்.

அன்று அவர் தூங்கிக்கொண்டிருந்தார். புது வீடியோ வந்திருந்தது. அவர் எழும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. சமையலறையில் உட்கார்ந்து, இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

பக்கத்து வீட்டுச் செல்வி ஓடிவந்து என் தோளை உலுக்கினாள். "இன்னாக்கா, மூணு மூணா தட்டிக்கினே கீறாரு! செவுத்துக்கு அந்தாண்ட எனக்கே கேக்குது, உனக்குக் கேக்கலியா?"

ஓடினேன். அவர் உதடு நீலமாகியிருந்தது. மாஸ்க்கை வைத்தேன். என் கழுத்தில் தொங்கிய இயர்ஃபோனையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எந்தத் தீவு?" என்றார்.

"பேசாதீங்க, செல்வி ஆட்டோ கூட்டிக்கினு வர்றா" என்றேன். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார்.

திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் கேட்டது ஒரு பெயர்தான். அது எனக்குத் தெரிந்திருந்தது.