சாக்லேட்டில் நெத்திலி வாசம்

பிரான்ஸின் கடலோர ஊரான எங்கள் பன்யூல்ஸில், ரோசேர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. பேசிக்கொண்டே நடந்துவிடுவாள், மிச்சத்தை நாம் பின்னால் ஓடிக் கேட்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரனான நான் கேட்டுக் கேட்டே இளைத்தவன். தபால் ஆபீஸ், நெத்திலி பதனிடும் ஆலை, பள்ளிக்கூடச் சமையல் என்று எந்த வேலையிலும் அவள் நிலைக்கவில்லை. தகப்பனார் மலைச்சரிவில் நட்டுவிட்டுப் போன திராட்சைக் கொடிகளை மட்டும் அவள் விடவில்லை.

அந்தக் கொடிகளைத்தான், அறுவடை முடிந்ததும் பிடுங்கிவிடப் போவதாக அவள் கணவன் கோடெரிக் சொன்னான். ஏன் என்று கேட்டால், "போதும்" என்பான். ஒயின் விலைபோகாத வெறுப்பு என்று ரோசேர் தானாகவே முடிவுகட்டினாள். சும்மா இருப்பாளா? லியோனிலிருந்து துவாலியே என்ற சாக்லேட்காரரைப் பிடித்தாள். மடகாஸ்கரின் ஒரே தோட்டத்துக் கொக்கோவில் அவர் செய்யும் கறுப்புச் சாக்லேட்டோடு சேர்த்து விற்க, எங்கள் ஊர் இனிப்பு ஒயின் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். தங்கள் ஒயினுக்கு அவர் சரியென்றால் கொடிகள் பிழைக்கும் என்று நம்பினாள்.

சாக்லேட் முன்கூட்டியே பார்சலில் வந்தது. வெயிலில் உருகிவிடுமே என்று பதறி, நிலவறைக்குக் கொண்டு ஓடினாள். இங்கே எல்லார் வீட்டு நிலவறையிலும் உப்பு நெத்திலி ஜாடி இருக்கும். பக்கத்தில் இருக்கும் வாசத்தையெல்லாம் சாக்லேட் இழுத்துக்கொள்ளும் என்பது அந்த அவசரத்தில் அவளுக்கு எங்கே தோன்றியது?

துவாலியே வந்தார். கிளாஸ் துடைக்க என்னையும் பிடித்துப் போட்டிருந்தாள். அவர் ஒரு துண்டை நாக்கில் வைத்தார். கடிக்கக் கூடாது, தானாகக் கரைய வேண்டும், அப்புறம்தான் ஒயின். கரைவதற்குள் ரோசேர் ஜன்னலுக்கும் மேசைக்குமாக அலைந்தாள்.

"மேடம், இதுல மீன் வாடை அடிக்குதே?"

கோடெரிக் சிரித்தே விட்டான். "நெத்திலிக்குப் பக்கத்துல வச்சிருக்கா, புண்ணியவதி!"

நல்லவேளை, மனிதர் பையில் இன்னொரு கட்டி இருந்தது. மறுபடி கரைந்தது, மறுபடி ஒயின்.

"ஒயின் பிரமாதம் மேடம். ஆனா என் சாக்லேட்டை முழுங்கிடுது. அந்தத் தோட்டத்து ருசியே தெரியல. இது சரிப்படாது."

"ஓய், உம்ம சாக்லேட்டுக்குத்தான் தெம்பு பத்தல!" கோடெரிக் மேசையில் ஓங்கித் தட்டினான். "இந்த ஒயினைக் குறை சொல்ல வந்துட்டாரு!"

கார் கிளம்பியதும் ரோசேர் அவன் மேல் பாய்ந்தாள்.

"இவ்வளவு ரோஷம் இருக்குல்ல? அப்புறம் எதுக்குய்யா பிடுங்கறே?"

"ஒயினுக்கு ஒண்ணும் இல்ல, ரோசேர். எனக்குத்தான் முட்டி போச்சு. அந்தச் சரிவுல மெஷின் ஏறாது, என்னாலயும் ஏற முடியல. போன அறுவடையில கூடையோட உருண்டேன்."

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வந்தேன். நீ எங்க நின்னு கேட்டே?"

ரோசேர் நின்ற இடத்திலேயே அழுதாள்.