ஒற்றக்கா திருத்திய மூன்று பிழைகள்

எங்கள் பதிப்பகத்தில் பிழை திருத்துபவரை எல்லோரும் ஒற்றக்கா என்போம். க், ச், த், ப் என்று எந்த ஒற்றெழுத்து எங்கே விடுபட்டாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பத்தொன்பது வருடமாக ஜன்னலோர மேசையில் அடுத்தவர் எழுத்தையே மேய்ந்துகொண்டிருந்தவர், சாப்பாட்டு இடைவேளைகளில் தனக்கென்று ஒரு சிறுவர் நாவல் எழுதினார்.

ஒரு நகரத்தின் பெயர்ப்பலகைகளிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, கிணற்றுக்கடியில் இருக்கும் மாய நூலகத்துக்குள் இறங்கித் திருடனைத் தேடுகிறாள். கடைசிப் பக்கத்திலும் திருடன் பெயர் இருக்காது. 'இந்தப் புத்தகத்தில் மூன்று பிழைகள் உண்டு. அங்கே வரவேண்டிய சரியான எழுத்துகளைக் கோத்துப் படித்தால் பெயர் கிடைக்கும்' என்று மட்டும் இருக்கும். அதற்காகவே 'அநியாயம்' என்பதை 'அனியாயம்' என்றும், 'கிழக்கு' என்பதை 'கிளக்கு' என்றும், 'விரல்' என்பதை 'விரள்' என்றும் எழுதிவைத்தார். எழுதும்போது கை கூசியதாம்.

முதலாளியிடம் படிக்கக் கொடுத்தார். "பாக்கலாம்மா" என்றார் அவர். எட்டு மாதம் கழித்து, அதே கதை பக்கம் வடிவமைக்கப்பட்டு, பிழை திருத்த ஒற்றக்காவின் மேசைக்கே வந்தது. ஆசிரியர் என்ற இடத்தில் முதலாளியின் பெயர். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். நானாக இருந்தால் மேசையைக் கவிழ்த்திருப்பேன்.

ஒற்றக்காவுக்கு முகம் சிவந்தது. அழவில்லை.

"அக்கா, சும்மாவா விடப்போறீங்க?" என்றேன்.

"என் பேர் இல்லாம என் கதை வரக்கூடாது. அதுக்குத்தான் வேலைய சுத்தமா பாக்கப்போறேன்."

அந்த மூன்று பிழைகளையும் திருத்தி அனுப்பினார். முதலாளி புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியீட்டு விழா ஒரு பள்ளி அரங்கில் நடந்தது. பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முன்பே புத்தகம் கொடுத்திருந்தார்கள். கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், மூணு தடவ படிச்சுட்டேன். அந்த மூணு பிழை எங்க இருக்கு?"

முதலாளி பெருமையாகச் சிரித்தார். "என் புத்தகத்துல பிழையே இருக்காதும்மா."

"அப்ப திருடன் யாரு?"

அரங்கு முழுக்கக் கைகள் உயர்ந்தன. முதலாளி மேடையோரம் நின்ற ஒற்றக்காவிடம் நகர்ந்து வந்து கிசுகிசுத்தார்: "யாரும்மா திருடன்? சீக்கிரம் சொல்லு."

"எழுதினவங்களுக்குத்தானே சார் தெரியும். யார் எழுதினதுன்னு மைக்ல சொல்லுங்க. நானும் சொல்றேன்."

வேறு வழியில்லை. மைக்கைப் பிடித்து, இந்தக் கதையை எழுதியது இவர்தான் என்று ஒற்றக்காவைக் காட்டினார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

ஒற்றக்கா கரும்பலகையில் மூன்று சொற்களையும் பிழையோடு எழுதினார். பிள்ளைகள் திருத்தினார்கள். நி, ழ, ல் என்று கூட்டிப் படித்து, "நிழல்" என்று அரங்கமே அதிரக் கத்தினார்கள். கதையில் வரும் அந்தப் பெண்ணின் சொந்த நிழல்தான் திருடன்.

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்ப திருப்தியா?" என்றார்.

"இன்னும் ஒரு பிழை பாக்கி இருக்கு சார். அட்டையில. அதத் திருத்தாம இனிமே ஒரு பிரதிகூட வெளிய போகாது."